ஐயத்தை வாசிப்பது எப்படி? ஏற்காடு ஒருநாள் அமர்வுக்குப் பாடம் தேர்ந்து தாருங்கள்

அஸ்தம்பட்டி வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டம் வரும் ஜனவரியில் ஏற்காட்டில் ஒருநாள் கூடுகிறது. தலைப்பு ‘இலக்கியத்தில் ஐயம்’. வருகிறவர்களில் பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள். மீதி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கதை எழுதிப் பார்க்கிற இரண்டு மூன்று பேர். காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்குள் முடிக்க வேண்டும். சாப்பாடு, டீ போக நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.

இப்போது கைவசம் இருப்பவை: சிவவாக்கியரின் ‘நட்ட கல்லை’, குறள் 423 (‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’), புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. இவற்றை மட்டும் வைத்தால் பத்தாவது நிமிடமே ‘கடவுள் உண்டா இல்லையா’ பட்டிமன்றம் ஆகிவிடும் என்று தோன்றுகிறது. சேலத்தில் அதற்குக் கேட்கவே வேண்டாம்.

எனக்கு வேண்டியது: எதை, எந்த வரிசையில், எவ்வளவு வரி வாசிப்பது? எந்த உரையை நம்பலாம்? எழுதுகிறவர்களுக்காக, ஒரு கதைக்குள் ஐயத்தை எப்படிக் கட்டுவது, எங்கே கெட்டுப்போகும் என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

வஞ்சிமூதூர்

பட்டிமன்றம் ஆவதற்குக் காரணம் பாடத் தேர்வுதான். மறுக்கிறவன் ஏற்கெனவே முடிவுக்கு வந்துவிட்டான். ஐயப்படுகிறவன் முடிவுக்கு வராமல் ‘உனக்கு இது எப்படித் தெரியும்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நீங்கள் வைத்திருக்கும் பட்டியலில் முதல் வகைதான் அதிகம். சான்றை எடுத்து எடை போடுகிற பாடங்களாகப் பாருங்கள், பேச்சு தானாகத் திசை மாறும்.

முதலில் சிவவாக்கியரைத் தொடக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பாட்டை மேடையில் எல்லோரும் ‘நட்ட கல்லும் பேசுமோ’ என்பதோடு வெட்டிவிடுகிறார்கள். அதே அடியின் மறுபாதி ‘நாதன் உள்ளிருக்கையில்’. சட்டிக்கும் சட்டுவத்துக்கும் கறிச்சுவை தெரியாது என்று அவர் முடிப்பது, சுவை என ஒன்று உண்டு என்ற உறுதியில்தான். சடங்கின்மேல் அவருக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. உள்ளே இருப்பதன்மேல் துளியும் ஐயம் இல்லை. ஐயத்துக்கு எடுத்துக்காட்டாக இதை வைத்தால், படித்த ஒருவர் எழுந்து மறுபாதியைச் சொன்னதும் அமர்வு அங்கேயே படுத்துவிடும்.

என் பரிந்துரை மணிமேகலை 27ஆம் காதை, ‘சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை’. மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் வஞ்சி நகருக்குள் போய் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பத்து சமயவாதிகளைக் கேட்கிறாள். முந்நூறு வரிக்குச் சற்றுக் குறைவு. முழுவதையும் வாசிக்க முயல வேண்டாம். சைவ, வைணவ வாதிகளுக்குச் சில வரிகளே உண்டு, ஆசீவகமும் வைசேடிகமும் நீளம், கலைச்சொல் நிறைய. இரண்டு துண்டு போதும்.

முதல் துண்டு அளவைவாதியின் பேச்சு. அறிகிற வழிகளை வியாசர் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று எண்ணினார்கள் எனத் தொடங்கி, காட்சி, கருதல், உவமம், ஆகமம் என அடுக்கிக்கொண்டு போவார். நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த பகுதி. அறிவு தவறிப்போகிற எட்டு வகைகள்: சுட்டுணர்வு, திரியக் கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு. இப்பியை வெள்ளி என்று நினைப்பது திரியக் கோடல். ஐயம் என்றால்

‘ஐயம் என்பது ஒன்றை நிச்சயியா
மையல் தறியோ மகனோ என்றல்’

தூரத்தில் நிற்பது கட்டையா, ஆளா என்று தடுமாறுவது. அதற்கு அடுத்தபடியாகவே ‘தேராது தெளிதல்’ வருகிறது. அதற்கும் அதே கட்டைதான் எடுத்துக்காட்டு. ஆராயாமல் அதை ஆள் என்றே முடிவுகட்டுவது. ஒரே கட்டையை வைத்து இரண்டு குற்றம் காட்டுகிறார் சாத்தனார். ஐயத்தில் தங்கிவிடுவதும் பிழை, அவசரமாகத் தெளிவதும் பிழை. கூடவே குறள் 510ஐ வையுங்கள்: ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’. அங்கே பேச்சு ஆள் எடுப்பதைப் பற்றி, ஆனால் எலும்பு ஒன்றே.

இரண்டாம் துண்டு கடைசியில் வரும் பூதவாதி. ஆத்திப் பூவோ எதுவோ என்று சிலர் சொல்லிவிடுவார்கள். பாடம் ‘தாதகிப் பூவும் கட்டியும்’. அந்தப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றோடு கூட்டிவைத்தால் மதுவின் களிப்பு பிறக்கிற மாதிரி, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், பிரிந்தால் பறையோசை போலக் கெடும் என்கிறான். ‘கண்கூடு அல்லது கருத்தளவு அழியும்’, அதாவது நேரில் காண்பதைத் தவிர ஊகம் செல்லாது. மணிமேகலை சிரிக்கிறாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

பூதவாதிக்குப் பதில் பேச வாய்ப்பே தரப்படவில்லை. இது பௌத்த நூல், அரங்கு அவளுடையது. உங்கள் அமர்வில் ஒருவரைப் பூதவாதியாக உட்கார வைத்து ஐந்து நிமிடம் பதில் சொல்ல விடுங்கள். ‘ஊகத்தை முழுக்க மறுக்கவில்லை, பின்னால் காட்சியால் சரிபார்க்க முடிந்த ஊகத்தை ஏற்கிறேன்’ என்று அவர் ஒரு படி இறங்கினால் போதும், கேள்வி மணிமேகலை பக்கம் திரும்பிவிடும்: மறுபிறப்பை எதைக் கொண்டு சரிபார்ப்பது?

உரைக்கு: ந.மு. வேங்கடசாமி நாட்டாரும் ஔவை சு. துரைசாமிப் பிள்ளையும் சேர்ந்து எழுதிய பதிப்பு. 30 காதைகளில் கடைசி நான்கு ஔவையின் உரை. தருக்கப் பகுதிக்கு அதுதான் கை கொடுக்கும்.

மூக்கனேரிக் கரை

வஞ்சிமூதூர் ஐயா சொன்ன பாடம் அருமை, வரிசை தப்புங்க. காலை பத்து மணிக்கு மலை ஏறி வந்து உட்கார்ந்த பிள்ளைகளிடம் அளவை (அறியும் வழி), ஆபாசம் (போலி அறிவு) என்று ஆரம்பித்தால் பதினொன்றுக்குப் பாதிப்பேர் ஏரிப்பக்கம் போயிருப்பார்கள். காதலில் தொடங்குங்க. ஐயத்துக்குத் தமிழில் பழைய இலக்கணமே அங்கேதான் இருக்கிறது.

குறள் 1081: ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலும்என் நெஞ்சு’. முதன்முதல் பார்க்கிறவன் தெய்வமா, மயிலா, பெண்ணா என்று மயங்குகிறான். இது வெறும் புகழ்ச்சி என்று தள்ளிவிடாமல் தொல்காப்பியக் களவியலைத் திறங்க. ‘சிறந்துழி ஐயம் சிறந்தது என்ப’ என்று, எப்படிப்பட்டவளிடத்தில் இந்த ஐயம் வரலாம் என்று முதலில் வரையறை. உடனே அந்த ஐயத்தைக் களையும் கருவிகளின் பட்டியல்: வண்டு, இழை, வள்ளி, பூ, கண், அலமரல், இமைப்பு, அச்சம். எட்டு.

எட்டையும் பலகையில் எழுதிப்போட்டு ஒவ்வொன்றும் எதை நிரூபிக்கிறது என்று மாணவர்களையே கேளுங்க. இழை என்றால் கையால் செய்த நகை. வள்ளி, மேனியில் எழுதிய தொய்யில் கொடி, அதையும் யாரோ வரைந்திருக்க வேண்டும். பூ வாடும், தெய்வத்தின் மாலை வாடாது. வண்டு மொய்க்கிறது என்றால் பூ உண்மையானது. கண் இமைக்கிறது, தேவர் இமையார். அலமரலும் அச்சமும் ஆளைக் கண்டு தடுமாறுகிற மனுஷிக்கே உரியவை. காதல் கவிதைக்குள் இவ்வளவு ஒழுங்கான தடயப் பட்டியல்! இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் தறியோ மகனோ என்று போனால் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஜனவரிப் பனிமூட்டம் ஒத்துழைத்தால் தறியை ஜன்னல் வழியாகவே காட்டிவிடலாம்.

முதல் அமர்வு இது. மணிமேகலை இரண்டாவது. மூன்றாவதுக்குப் புறநானூறு 214ஐ வைக்கச் சொல்வேன். கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கும்போது (வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடும்போது) பாடியது, 13 வரிதான். தெரிந்தவர் யாராவது இங்கே விரித்துச் சொல்லுங்க, எனக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது: முதல் மூன்று வரியில் ஐயம் உடையவர்களைத் ‘துணிவு இல்லோர்’ என்று திட்டுகிறானே, அதை எப்படி ஐயத்தின் பாட்டு என்பது?

வஞ்சிமூதூர்

வரிசையை ஒப்புக்கொள்கிறேன். காதல்தான் முதலில்.

214 பற்றி. திட்டுவது யாரை என்று பாருங்கள். ‘செய்குவம் கொல்லோ நல்வினை’ என்று செயலிலேயே தயங்குகிறவர்களை. அதற்குப் பிறகு அவனே என்ன சொல்கிறான்? யானை வேட்டைக்குப் போனவன் யானையோடு வரக்கூடும், குறும்பூழ் (காடை) வேட்டைக்குப் போனவன் வெறுங்கையோடும் வரக்கூடும். அதனால் பெரிதாகக் குறிவை. பிறகு மூன்று படி. செய்த வினைக்குப் பயன் ‘உண்டு எனின்’ மேலுலக இன்பம் கிடைக்கலாம். அது ‘இல் எனின்’ பிறவாமையாவது கிடைக்கலாம். அதுவும் போகட்டும், இமயத்தின் உச்சி போலப் புகழை நட்டுவிட்டுப் பழியில்லா உடம்போடு சாவதே மிக நல்லது.

‘எனின்’ என்ற சொல்லை எண்ணச் சொல்லுங்கள். சாகத் துணிந்து உட்கார்ந்திருக்கும் அரசன் மறுமை உண்டு என்று ஓர் இடத்திலும் அடித்துச் சொல்லவில்லை. பாஸ்கலின் பந்தயம் என்று 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையில் பேசப்படுவதோடு (கடவுளை நம்பினால் இழப்பு சிறிது, லாபம் பெரிது என்ற கணக்கு) யாராவது ஒப்பிடுவார்கள். ஒப்பிடலாம், ஆனால் பாஸ்கல் அந்தக் கணக்கைப் போடுவது நம்பிக்கையை நோக்கித் தள்ள. சோழன் நம்பச் சொல்லவே இல்லை, செய்யச் சொல்கிறான். மறுமையைப் பற்றி ஐயம் இருந்துவிட்டுப் போகட்டும், வினையில் ஐயம் கூடாது. எனக்கு இந்தப் பாட்டு பாஸ்கலைவிடச் சுத்தமாகத் தெரிகிறது.

அரை மணியில் இது முடிந்துவிடும். மீதி நேரத்துக்குப் புறம் 194, பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. ‘படைத்தோன் மன்றஅப் பண்பி லாளன்’. படைத்தவன் இருக்கிறானா என்ற கேள்வியே இல்லை, பண்பு இருக்கிறதா என்பதுதான்.

அஸ்தம்பட்டி வாசகன்

மிக்க நன்றி, இருவருக்கும். நான்காவது அமர்வு நவீனம் என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. குறள் 423ஐ எங்கே வைப்பது? எங்கள் வட்டத்துப் பெரியவர் ஒருவர், சேலத்தில் ஐயம் பற்றிப் பேசிவிட்டு 1944 மாநாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது என்கிறார். என்ன பதில் சொல்வது?

வஞ்சிமூதூர்

1944 ஆகஸ்ட் 27 சேலம் மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. பெரிய செய்தி, இந்த ஊரில் நடந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே எடுத்தது முடிவு. அரசியல் இயக்கம் அப்படித்தான் செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கூட்டம் போடுங்கள், பெரியவரையே பேசச் சொல்லுங்கள். இந்தக் கூட்டத்தில் அரைமணி நுழைத்தால் இரண்டுக்கும் நியாயம் கிடைக்காது.

423ஐத் தனியாக வைக்காதீர்கள், போஸ்டர் வாசகம் ஆகிவிட்டது. பக்கத்தில் 850ஐ வையுங்கள்: ‘உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்’. யார் சொன்னாலும் ஆராய் என்று சொன்ன அதே வள்ளுவர், உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவனைப் பேய் என்கிறார். 850 இருப்பது ‘புல்லறிவாண்மை’ அதிகாரத்தில். அற்ப அறிவை வைத்துக்கொண்டு தன்னைப் பெரிதாக நினைப்பவனைப் பற்றியது என்று படித்தால் முரண் குறையும். ‘உலகத்தார்’ என்றால் உயர்ந்தோர் என்று பரிமேலழகர் வழியில் போனால் இன்னும் குறையும். முற்றிலும் போகுமா என்று கேட்டால், எனக்குப் போகவில்லை. மாணவர்கள் சண்டை போடட்டும்.

சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் மிஞ்சினால் கம்பனின் யுத்த காண்டக் கடவுள் வாழ்த்தை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். ‘ஒன்றே என்னின் ஒன்றேயாம், பலவென்று உரைக்கின் பலவேயாம்’ என்று தொடங்கி, இல்லை என்றால் இல்லை, உளது என்றால் உளது என்று போய், ‘நன்றே நம்பி குடிவாழ்க்கை, நமக்கு இங்கு என்னோ பிழைப்பு’ என்று முடியும். வாழ்த்துப் பாட்டில் இப்படி ஒரு சலிப்பு வேறெங்கும் நான் பார்த்ததில்லை. விளக்கம் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை கதைசொல்லி

நவீனம் எனக்கு. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ நல்ல கதை, ஆனால் உங்கள் தலைப்புக்கு இரண்டாம்பட்சம். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில் கடவுள் வந்து நிற்கிறார், சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிற பிள்ளை அவரைச் சந்தா கேட்கிறார். அவர் கடவுள்தானா என்பது அந்தக் கதைக்குப் பெரிய கவலையே இல்லை. இந்த ஊரில் அவர் எதற்குப் பிரயோஜனம் என்பதுதான் நகைச்சுவை. அதே புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யையும் ‘சாப விமோசன’த்தையும் எடுங்கள்.

எழுதுகிறவர்களுக்குக் ‘காஞ்சனை’. வீட்டுக்கு வேலைக்கு வந்த பெண் பேயா, அல்லது தூக்கம் கெட்ட ஓர் எழுத்தாளனின் மனம் செய்கிற வேலையா? கடைசி வரை இரண்டு விளக்கமும் சாயாமல் நிற்கின்றன. எப்படி நிற்கின்றன என்று கழற்றிப் பார்க்கலாம்.

கதை தூக்கம் வராத இரவில் தொடங்குகிறது. சொல்கிறவன் தவறாகப் பார்க்கக் காரணம் முதல் பத்தியிலேயே கொடுத்தாகிவிட்டது. தொழில் கதை எழுதுவது, இட்டுக்கட்டத் தெரிந்தவன். அடுத்து, தடயமாக முதலில் வருவது வாசனை. வாசனையைப் பிடித்து வைத்துக் காட்ட முடியாது, பத்து நிமிடத்தில் போய்விடும், ஆனால் மூக்கு பொய் சொல்லாது என்றும் நமக்குத் தோன்றும். பேய்க்கதை எழுதுகிறவர்கள் போட்டோவையும் சிசிடிவியையும் கொண்டுவந்து கெடுப்பது இங்கேதான். பதிவான தடயம் ஐயத்தைக் கொன்றுவிடும். மூன்றாவது, சாட்சி. அவன் ஒருவன் மட்டும் பார்த்தால் வாசகர் ‘பைத்தியம்’ என்று மூடிவிடுவார். வீட்டில் எல்லோரும் பார்த்தால் ‘பேய்’ என்று மூடிவிடுவார். அதனால் பக்கத்தில் ஒரு மனைவி, அவளே அந்தப் பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறவள்.

சொந்தமாக எழுதும்போது ஏழெட்டுப் பக்கக் கதைக்கு மூன்று தடயம் போதும். ஒவ்வொன்றையும் காகிதத்தில் எழுதி, இரு பக்கமும் ‘இது உண்மை என்றால்’, ‘இது பிரமை என்றால்’ என்று விளக்கம் எழுதுங்கள். ஒரு பக்கம் எழுத வராத தடயத்தை அடித்துவிடுங்கள். நடுவில் பாத்திரமே ஒரு சோதனை செய்ய வேண்டும்: கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வது, பொய்யாக ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது. சோதனையின் பலன் இன்னும் குழப்ப வேண்டும். சும்மா உட்கார்ந்து ஐயப்படுகிறவனை இரண்டு பக்கத்துக்குமேல் தாங்க முடியாது.

கெட்டுப்போகிற இடங்கள்: ‘ஒருவேளை’, ‘போலிருந்தது’, ‘ஏதோ ஒன்று’ ஆகியவற்றைப் பத்திக்கு நான்கு தூவுவது. மூடுபனி எழுத்தாளருடையதாகத் தெரியுமே தவிரப் பாத்திரத்துடையதாக இருக்காது. விவரம் கறாராக இருக்க வேண்டும், அதன் பொருள் மட்டும் தள்ளாட வேண்டும். பிறகு, கனவென்று விழிப்பது. டாக்டர் வந்து நோயின் பெயர் சொல்வது. கடைசி வரியில் காலடித் தடம் காட்டுவது. மூன்றும் வாசகரிடம் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குகிற வேலை.

கறாரான விவரத்துக்கு ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளின் முதல் வாக்கியம் ஒன்றே போதும். சுந்தர ராமசாமி, 1981. ஜோசப் ஜேம்ஸ் இறந்தது 1960 ஜனவரி 5, முப்பத்தொன்பதாவது வயதில், பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள். காம்யு ஜனவரி 4 அன்று இறந்தது உண்மை. மறுநாள் இறந்த ஜோசப் ஜேம்ஸ் கற்பனை. உண்மைத் தேதியில் பொய் ஆளை ஆணியடித்துவிட்டு, பிறகு நாவல் முழுக்கப் புகழ், இலக்கியம், வாழ்க்கை வரலாறு எதையும் நம்பாதே என்கிறார். நாவல் முழுதும் ஓர் அமர்வுக்குத் தாங்காது, முதல் சில பக்கங்களை மட்டும் வாசியுங்கள்.

‘சாப விமோசனம்’ விவாதத்துக்கு. தீக்குளித்ததைச் சீதை சொல்கிறாள், உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்கிறாள், கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். காலையிலிருந்து சான்று கேட்டுப் பழகிய கூட்டத்துக்கு இங்கே ஓர் அடி விழும்: சான்று கேட்பதே கொடுமையாகிற இடமும் உண்டு. யார் கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்பதைப் பேச வையுங்கள்.

மூக்கனேரிக் கரை

நடைமுறைக்குச் சில. புறம், குறள், மணிமேகலை மூலம் எல்லாம் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். புதுமைப்பித்தன் நாட்டுடைமை ஆனதால் கதைகளை அச்செடுக்கவும் தடையில்லை. ‘ஜே.ஜே’ அப்படி இல்லை, ஒரு பிரதியைச் சுற்றுக்கு விட்டு வாசியுங்க.

பழம்பாடல்களை ஏ4 தாளில் 14 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு எடுங்க, பொருள் எழுதிக்கொள்ள இடம் வேண்டும். மதுரைத் திட்டப் பிரதியில் சந்தி பிரிக்காத வரிகள் இருக்கும், முந்தின வாரமே உரைப் பதிப்போடு ஒப்பிட்டுத் திருத்திவிடுங்க. ‘காஞ்சனை’யையும் ‘சாப விமோசன’த்தையும் அங்கே வந்து வாசிக்க நேரம் போதாது, பத்து நாள் முன்பே கையில் கொடுத்துவிடணும். மற்றதெல்லாம் அங்கேயே உரக்க வாசிக்கலாம்.

சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவு. வயிறு புரட்டுகிறவர்களை முன்சீட்டில் உட்கார வைங்க, காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், சனி பரவாயில்லை. சாயங்காலம் மூடுபனி இறங்கினால் வளைவுகளில் வண்டி ஊர்ந்துதான் வரும், அதனால் 4 மணி என்றால் 4 மணிக்கே கிளம்பிவிடுங்க. நான்காவது அமர்வில்தான் பேச்சு நீளும்; நேரம் பார்க்க ஒருவரை முதலிலேயே நியமிச்சிடுங்க, அது பூதவாதியாக உட்கார்ந்தவராக இருக்க வேண்டாம், அவர் கண்ணால் கடிகாரத்தைப் பார்க்கிற வரைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார்.